கலுங்குக்கு வந்த கடிதம்

எம்.ரெட்டியபட்டி,
2.8.1997

அன்புத் தங்கச்சி சௌந்தரத்துக்கு,

அண்ணன் சீனிச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் மதினி கருத்தம்மாளும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். மூன்று மாதமாக ஒரு வரி எழுதாதவள் சுகமாகத்தான் இருப்பாய்.

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்துவிட்டு, கொச்சியில் உட்கார்ந்து கடல் எத்தனை அங்குலம் ஏறியது, எத்தனை அங்குலம் இறங்கியது என்று அளக்கிறாய். இங்கே கேட்கிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் உன் பேச்சு வந்தால் மீசையை முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. போன வருஷம் கடைசித் தண்ணீருக்கு மடையில் நடந்த சண்டையில் மாரிச்சாமிக்கு மூன்று விரல் போனது உனக்குத் தெரியும். மண்வெட்டியைப் பிடித்தது நான் என்பதும் தெரியும். இந்த வருஷமும் மழை இல்லையென்றால் விரலோடு நிற்காது. செய்தியில் எல் நினோ என்று என்னவோ சொல்லிப் பயமுறுத்துகிறான். நீ ஒரே வார்த்தை எழுது. மழை உண்டா, இல்லையா?

உன் அண்ணன்,
சீனிச்சாமி


கொச்சி,
14.8.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌந்தரத்தின் வணக்கம். எழுதாதது என் தப்புதான். ஆனால் மாரிச்சாமி அண்ணனின் விரல்களைப் பற்றி, கிளையைக் கழித்தது போல எழுதியிருக்கிறீர்களே, படித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தைக் குறையுங்கள் என்று இன்னும் எத்தனை வருஷம் எழுதுவது?

கேட்டதற்குப் பதில். பசிபிக் பெருங்கடலின் சூடான நீர் கிழக்கே நகர்ந்து, தென் அமெரிக்கக் கரையில் கடல் மட்டம் உயர்ந்திருக்கிறது. எல் நினோ என்று சொல்வது இதைத்தான். இப்படி ஆன வருஷங்களில் நம் நாட்டில் பருவமழை பல தடவை ஏமாற்றியிருக்கிறது. 1987 உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வருஷமும் மழை குறையும் என்றே நினைக்கிறேன். ஆய்வுக் கப்பலில் ஏறப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இவ்வளவுதான்.

கீழூரில் காளிராஜ் அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அத்தை மகன் உரிமையை விட்டுக்கொடுத்து, “மாமா, அவளை எனக்குக் கட்டவேணாம், அவ படிக்கட்டும்” என்று அவர் நம் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருந்தால், நான் கடலைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டேன்.

அன்புத் தங்கை,
சௌந்தரம்


எம்.ரெட்டியபட்டி,
7.9.1997

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அய்யனார் கோயில் முன்னால் ஊர்க்கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். தென் அமெரிக்கா என்றதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெருமையில் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

மழை குறைவு என்றால் வருகிற தண்ணீரில் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. கலுங்குக் கற்களுக்கு நடுவே பனஞ்சட்டம் கொடுத்து, மண்மூட்டை அடுக்கி, இரண்டரை அடி உயர்த்தி அடைத்துவிட்டோம். நம் கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் கலுங்கு வழியாகக் கீழூருக்குத் தண்ணீர். அதனால் இரண்டு ஊரும் சேர்ந்து கிடா வெட்டிச் சம்மதித்த பிறகே கலுங்கில் கை வைப்பது வழக்கம். இந்தத் தடவை கிடாவும் இல்லை, சம்மதமும் இல்லை.

காளிராஜ் ஆளோடு வந்தான். “ஏலே சீனி, மழை கூடப் பெஞ்சு கரை ஒடைஞ்சா எங்க ஊருல்லலே போகும்?” என்றான். “என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான். கடலையே அளக்குறவ அவ” என்றேன். கூட வந்த ஆண்டிச்சாமி சிரித்தான். கம்பால் ஒரு போடு போட்டேன். முன்பல் இரண்டும் மண்ணில் விழுந்தன. அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

காளிராஜை விசாரிக்கச் சொல்லியிருந்தாய். உன்னை வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னவன் அவன். அவன் பெயரை இனி எனக்கு எழுதாதே.

உன் அண்ணன்,
சீனிச்சாமி


கொச்சி,
20.10.1997

அண்ணே,

இன்றுதான் கப்பலிலிருந்து இறங்கி உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். உடனே எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. நான் எழுதியது நாடு முழுவதும் ஆனி ஆடியில் பெய்கிற மழைக்கு. நம் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். நம் ஊரில் பிறந்தவள், அவசரத்தில் இதைப் பிரித்து எழுத மறந்துவிட்டேன். எல் நினோ வருஷங்களில் ஐப்பசி மழை பெரும்பாலும் கூடத்தான் பெய்திருக்கிறது. இந்த வருஷம் சுமத்ராப் பக்கம் கடல் மட்டம் இறங்கி, சூடான நீர் மேற்கே நம் பக்கம் குவிந்திருப்பதை நானே கப்பலில் அளந்து பார்த்தேன். பெரிய மழை வரும் என்று பயப்படுகிறேன்.

அந்தக் கரை தாங்காது. கலுங்கை உடனே திறந்துவிடுங்கள். முதல் கடிதத்தைப் படித்த அதே இடத்தில் நின்று இதையும் படியுங்கள். என் மானம் போனால் போகட்டும்.

சௌந்தரம்


மதுரை சிறை,
11.1.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நீ இரண்டு தந்தி கொடுத்தும் நான் பதில் போடவில்லை. இதை வக்கீல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் இரண்டாவது கடிதம் எனக்குக் கிடைத்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ‘என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்’ என்று மார்தட்டியவன், அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்? ஆண்டிச்சாமி பொக்கை வாயால் உன்னைச் சிரிப்பானே! நாளைக்குத் திறக்கலாம், நாளைக்குத் திறக்கலாம் என்று நாள் போனது. மழை பிடித்துக்கொண்டது.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், தண்ணீர் கரை உச்சியைத் தொட நாலு விரல்தான் பாக்கி. காளிராஜ் தனியாகக் கலுங்கில் இறங்கி, கடப்பாரையால் மூட்டைகளைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தான். நான் அரிவாளோடு போனேன். என்னைப் பார்த்ததும் அவன் கடப்பாரையைக் கீழே போட்டான். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். “வெட்டுறதுன்னா அப்புறம் வெட்டு மச்சான். மொதல்ல இதப் படி. சௌந்தரம் எழுத்து” என்றான்.

உன் பெயர் அவன் வாயில் வந்ததும் எனக்குக் கண் இருண்டுவிட்டது. “என் தங்கச்சி ஒனக்கு எதுக்குடா எழுதுறா?” என்று கேட்டுக்கொண்டே இறக்கினேன். முதல் வெட்டு கழுத்தில். அவன் அந்தக் காகிதம் நனையாமல் தூக்கிப் பிடித்தபடியே முழங்கால் மடிந்து விழுந்தான். இரண்டாவது வெட்டில் அந்தக் கையும் விழுந்தது. மூன்றாவது எதற்கு வெட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அவன் கிழித்த சந்து வழியாகத் தண்ணீர் சிவப்பாக ஓடியது. சாயங்காலம் கரை உடைந்து கீழூரில் பன்னிரண்டு வீடு போனது.

வக்கீல் சொல்வதைக் கேள். முதல் கடிதம் மட்டும் கோர்ட்டில் இருந்தால், படித்த தங்கச்சி பேச்சை நம்பி அடைத்தான், ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்று தண்டனையைக் குறைத்துக் கேட்கலாமாம். இரண்டாவது தெரிந்தால் தூக்குக்கூட விழலாமாம். அதை உன் மதினி அடுப்பில் போட்டுவிட்டாள். நீ வந்து, மழை பற்றி ஒரே கடிதம்தான் எழுதினேன் என்று சொன்னால் போதும். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அவன் நீட்டியது உன் எழுத்து இல்லைதானே? பொய்தானே சொன்னான்?

உன் அண்ணன்,
சீனிச்சாமி


கொச்சி,
2.2.1998

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அது என் எழுத்துதான். உங்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதிய அன்றே, அதே வரிகளை அவருக்கும் எழுதினேன். நீங்கள் அதைக் கூட்டத்தில் படிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தூக்கி வளர்த்தவள்தானே, எனக்குத் தெரியாதா?

போன வாரம் கீழூருக்குப் போனேன். அத்தானின் மனைவி முருகலட்சுமி அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்துத்தான் வாசலில் நின்றேன். அவள் அடிக்கவில்லை. உள்ளே போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்து காட்டினாள். அத்தான் கையிலிருந்து எடுத்துக் காயவைத்து வைத்திருக்கிறாள். பாதி மை கரைந்துவிட்டது, மீதியில் ரத்தக் கறை. இருந்தாலும் படிக்க முடிகிறது.

கோர்ட்டுக்கு வருவேன். மழை பற்றி மூன்று கடிதம் எழுதினேன் என்று சொல்வேன். முதல் கடிதத்தில் நான் செய்த தப்பையும் சொல்வேன். அதற்கு என்னை யார் தண்டிப்பார்கள் என்று தெரியவில்லை. கடல் மட்டப் புத்தகத்தைத் திறந்தால் எண்கள் கண்ணில் நிற்கவில்லை, அந்தக் கைதான் நிற்கிறது.

அவருக்கு எழுதியதில் உங்களுக்கு எழுதாத ஒரு வரி இருந்தது. ‘அண்ணன் சண்டைக்கு வந்தால் நீங்கள் கை ஓங்காதீர்கள் அத்தான், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், என் எழுத்தைப் பார்த்தால் அண்ணன் நின்றுவிடுவார்’ என்று எழுதியிருந்தேன்.

அதை நம்பித்தான் அவர் கடப்பாரையைக் கீழே போட்டிருக்கிறார்.

சௌந்தரம்