தகரக் கூரைக்குக் கீழே நின்றவள்

அக்கா,

இன்று பின்னேரம் உன்னுடைய கல்வெட்டின், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தின், மாதிரித் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தன. மை இன்னும் மணக்கிறது. நீ வேலை முடிந்து வந்து பக்கத்தில் படுக்கும்போது உன் தலைமயிரில் மணக்குமே, அதே மணம். அதை முகர்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முகப்பில் உன்னை எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? அடையாள அட்டைப் படத்திலிருந்து உன் முகத்தை வெட்டி எடுத்து, நன்றாக வெளுக்க வைத்து, அந்த நீலச் சீலை உடம்பின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் மேகம். மேகத்தில் இரண்டு வெள்ளைப் புறா.

அந்த நீலச் சீலையை எனக்குக் காட்டித் தந்தவளே நீதான். பள்ளிக்கூடம் விட்டு நான் உன் அச்சகத்துக்கு வந்து காத்திருந்த ஒரு நாள், கணினியில் அதைத் திறந்து வைத்துச் சிரித்தாய். தலை இல்லாத ஒரு பெண், கைகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"திருகோணமலையில செத்த பெண்டுகள் எல்லாருக்கும் இந்த ஒரு சீலைதான்டி. ஆம்பிளையளுக்கு ஒரு கோட்டு. போன கிழமை ஒரு மீன்காரருக்குப் போட்டனான். மனிசி வந்து பாத்திட்டுக் கேக்குது, இது ஆர் பிள்ளை, பாங்க் மனேஜரோ எண்டு!"

பக்கத்து மேசையில் இருந்த நஸ்ரின் அக்கா, "சிரிக்காதடி, பாவம் அந்த மனுசி" என்று சொல்லிவிட்டு உன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். இந்த முகப்பையும் அவர்தான் செய்திருப்பார். மாமா பக்கத்தில் நின்று இப்படிப் போடு, அப்படிப் போடு என்று சொல்லியிருப்பார். பகல் முழுக்க அந்த மேசையில் செத்தவர்களுக்குக் கோட்டும் சீலையும் உடுத்திவிட்டு, வெளியே வந்ததும் நீ எடுத்த படங்களில் ஒரு மனிதர்கூட நேராக நின்று சிரித்ததில்லை. அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல். அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றும்போது "கொஞ்சம் நில்லுங்கோம்மா" என்று சட்டியின் மேல் குனிவாய். ஐஸ் கம்பனி வாசலில் மரத்தூளுக்குள் கிடக்கும் ஐஸ் பாளத்தை அரை மணித்தியாலம் சுற்றிச் சுற்றி எடுப்பாய். உன்னால் எனக்கு எத்தனை தரம் டியூஷன் பிந்தியது! அப்பா கடலால் வந்து கிணற்றடியில் நிற்கும்போது, அவருடைய கையில் ஒட்டிய மீன் செதிலில் வெயில் பட்டு மின்னியது என்று ஓடிப் போனாய்.

"மீன் நாத்தத்தோட நிக்கிற மனிசனைப் படம் எடுத்து ஆருக்கடி காட்டப் போறாய்?" என்று அப்பா கத்தினார்.

"உங்களுக்குத்தான் அப்பா. உங்கட கையை நீங்கள் இன்னும் வடிவாப் பாக்கேல்ல."

அவர் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நானும் பார்க்கவில்லை. 'இதில என்ன கிடக்கு' என்றுதான் நினைத்தேன். நீ செத்த பிறகு, ஒளித்து வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறேன். அப்பாவின் கை கோயில் சாமிக்கு வெள்ளி அங்கி போட்டது மாதிரி இருக்கிறது. நான் பார்க்காமல் விட்டதை நினைக்க எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. அதை இப்போதுதான் பார்க்க வைத்தாய் என்று உன்மேலும் கோபம் வருகிறது.

உன் தொலைபேசி என்னிடம்தான் இருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. மாமா மூன்று தரம் கேட்டுவிட்டார். "விழுந்து துலைஞ்சு போச்சு" என்று மூன்று தரமும் பொய் சொன்னேன். அலுமாரிக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூடப் பைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். இப்போது குசினி அடுப்படியில், அந்தத் தொலைபேசியின் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். மாமா விறாந்தையில் படுத்திருக்கிறார். அவர் இருமுகிற ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைப் பாவாடைக்குள் மூடிக்கொள்கிறேன்.

மாதிரித் தாள்களை வாசித்துப் பிழை பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் தந்தார். வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுதுகிறவள் நான்தானாம். முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் முன்னால் நின்று அதை வாசிக்கப் போகிறவளும் நான்தான். உனக்குத் தெரியாததா? அப்பாவின் புலம்பல், அம்மாவின் புலம்பல் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பாட்டு இருக்கும். வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதியவர் அந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஐயா. அவர் உன்னைக் கண்டதேயில்லை. மாமா சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஐந்தாம் பக்கம் 'அன்புத் தங்கை புலம்பல்'. என் பெயரில் நான் இப்படிப் புலம்புகிறேன்:

கையிலே கைபேசி, கண்ணெல்லாம் படமாகி
வையத்தை நீ மறந்து வழிநடுவே நின்றாயே!

பின்னேரம் மாமா என்னை விறாந்தையில் நிறுத்தி, "எங்க, ஒருக்கா ராகத்தோட வாசி பாப்பம்" என்றார். அப்பா சுவரோரம் கதிரையில் சாய்ந்து இருந்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிண்டனி? எழுத்து விளங்கேல்லையோ?"

"அக்கா வழிநடுவில நிக்கேல்ல மாமா. பஸ் நிக்கிற கொட்டிலுக்குள்ள நிண்டவ."

"இஞ்ச பார். போலிசில எல்லாம் எழுதி முடிஞ்சுது. ரோட்டில நிண்டு படம் எடுத்தவள், டிப்பர் வந்ததைக் காணேல்ல. எனக்கு வேலை தந்த டிப்பர் முதலாளி எவ்வளவு நல்ல மனிசன். பந்தல், கதிரை, சாப்பாடு எல்லாம் அவர்தானே அனுப்பினவர். இந்தக் கல்வெட்டும் அவற்ற பொறுப்புத்தான். நீ புதுசாக் கதை சொல்லி என்ர வேலைக்கு உலை வைக்காத."

"கொட்டில் தூண் வளைஞ்சு கிடக்குத்தானே மாமா? டிப்பர்தானே இடிச்சது?"

"அது முதலே வளைஞ்ச தூண்!" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "சரி, நீயும் அங்கதானே நிண்டனி. டிப்பர் வரேக்க நீ எங்க பாத்துக்கொண்டு நிண்டனி? சொல்லன்."

அம்மா, "விடு தம்பி, சின்னப் பிள்ளை" என்றார். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. அவரும் அந்த முதலாளியின் கதிரையில்தான் இருந்துகொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் அக்கா. இருபத்தாறு நாளாகத் தெரியும்.

குச்சவெளியில் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியம்மா ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கும் மற்றதில் கருவாடும் கட்டித் தந்திருந்தார். இரண்டையும் நீதான் தூக்கினாய். நான் ஒன்றைக் கேட்டதற்கு, "நீ தூக்கினா ரோட்டில இழுத்துக்கொண்டு வருவாய், கிழங்கு தோலுரிஞ்சிடும்" என்றாய். மத்தியான வெயில் உச்சியில் நின்றது. பஸ்ஸைக் காணவில்லை. அந்தக் கொட்டிலின் தகரக் கூரை முழுக்க ஆணி ஓட்டைகள். அதற்குள் போய் நின்றவள் திடீரென்று உன்னையே குனிந்து பார்த்தாய்.

"ஐயோ, என்னைப் பாரன்!"

உன் முகத்தில், கழுத்தில், சட்டையில், இரண்டு பைகளிலும் வட்ட வட்டமாய் வெளிச்சம். நீ தோளை அசைத்தாய். அவை உன்மேல் ஓடின.

"நான் மான்டி. அரசாங்கக் கச்சேரியடியில மேயிற புள்ளிமான். எடு, எடு, வெளிச்சம் போயிடும்."

"உன்ர ஃபோனை நீயே எடன்."

"எப்படி எடுக்கிறது, வாயாலயோ? என்ர ரெண்டு கையும் அடைச்சுப் போச்சு. பொக்கெட்டுக்குள்ள கிடக்கு, எடுடி எருமை."

நான் எடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையில் உன் கால் வெட்டுப்பட்டது. தள்ளிப் போனேன். ஏழு அடி எடுத்து வைத்துப் பின்னால், பூவரச மரத்தடிக்குப் போனேன். அங்கிருந்து நீ முழுதாய் வந்தாய். கூரை வந்தது, இரண்டு தூண்களும் வந்தன. அமத்தினேன். நன்றாக வந்ததா என்று பார்க்கக் குனிந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தேன். உனக்குச் சொல்ல வாயெடுத்தேன், "அக்கா, உண்மையாவே மான் மாதிரி" என்று.

அப்போதுதான் சத்தம் கேட்டது. இரண்டு டிப்பர்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்திருக்கின்றன. ஒன்று ரோட்டோரக் கல்லுக்கரைக்கு இறங்கிக் கொட்டிலை இடித்தது. நான் அதைக் காணவில்லை. நிமிர்ந்தபோது தூசிதான் தெரிந்தது. கிழங்குகள் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தன.

கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான் அக்கா, நீ இல்லை.

அதனால்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். மாமாவுக்குப் பயம், அடி விழும் என்று பயம், எல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய பயம் அதுவல்ல. நான் உண்மையைச் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். செத்த வீட்டிலேயே கேட்டேன். பின்வளவில் பாத்திரம் கழுவியபடி ஒரு மாமி சொன்னார், "படம் படம் எண்டு திரிஞ்சாள், அந்தப் படமே கொண்டு போட்டுது." இனி, "தங்கச்சி படம் எடுக்க நிப்பாட்டி வைச்சாள், அதாலதான்" என்பார்கள். அம்மா அதைக் கேட்பார். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குத்தான் நான் நடுங்குகிறேன்.

ஆனால் இன்றைக்கு அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். நீ எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாயே, அப்படி. உன் நெற்றியில் ஒரு வட்டம். மூக்கின் பக்கத்தில் ஒன்று. இடது கைப் பையில் நாலு. ரோட்டில் நிற்கிற ஒருத்தியின் மேல் அந்தப் புள்ளிகள் விழவே விழாது. கூரைக்குக் கீழே நின்றால்தான் விழும். இரண்டு கையிலும் பை இருக்கிறது. உனக்குப் பின்னால் தூண் நேராக நிற்கிறது, அக்கா, நூல் பிடித்த மாதிரி நேராக. மாமா போலிசில் சொன்ன எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படத்தில் பதில் இருக்கிறது. வடிவு என்று நினைத்துத்தான் எடுக்கச் சொன்னாய். நானும் வடிவு என்றுதான் எடுத்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐந்தாம் பக்கத்தைக் குறுக்கே கோடிழுத்து வெட்டினேன். பேனை தாளைக் கிழித்தது. கீழே இருந்த வெற்றிடத்தில் ராகம் போட ஏலாத மாதிரி எழுதினேன்:

'என் அக்கா பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். அவளுடைய இரண்டு கைகளிலும் பைகள் இருந்தன. தொலைபேசி என் கையில் இருந்தது. படம் எடுத்தது நான். டிப்பர் ரோட்டை விட்டு இறங்கி வந்து அவளை இடித்தது. அதற்குச் சற்று முன் எடுத்த படம் இது.'

அதைப் படம் பிடித்து, உன் படத்தையும் சேர்த்து, நஸ்ரின் அக்காவுக்கு உன் தொலைபேசியிலிருந்தே அனுப்பினேன். செத்தவளின் பெயரில் செய்தி வந்தால் அந்த மனிசி எப்படித் திடுக்கிட்டிருக்கும் என்று அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். அவர் கிண்ணியாவில் வீட்டில் இருந்து கணினியில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பதில் வந்தது.

"அல்லாஹ்! தங்கச்சியா? நெஞ்சு நின்டு போச்சு புள்ள."

அடுத்து, "படத்தப் பாத்தன்" என்று மட்டும். பிறகு எழுதுகிறார், அழிக்கிறார், எழுதுகிறார். கடைசியில்,

"அந்த நீலச் சீல போட எனக்கும் மனமில்ல. உங்கட மாமா தலமாட்டுல நின்டாரு. இத முகப்புலயும் போடுறன். ஆனா புள்ள, விடியத்தான் மெசின்ல ஏத்துவாங்க. ஏத்தினா நிப்பாட்டேலா. முன்னூறு வீட்டுக்குப் போகும். அஞ்சாம் பக்கத்துல ஒன்ட பேர் இரிக்கி. நான் எடுத்தன் எண்டு நீயே எழுதி இரிக்காய். யோசிச்சியா? போடவா?"

யோசித்தேன். வாசிக்கிறபோது மாமா எழும்பி வருவார். முதலாளி முன்வரிசையில் இருப்பார். பின்வளவு மாமி வாயில் கை வைப்பார். அப்பா எழும்பிப் போகலாம், இல்லாவிட்டால் முதல்முறையாக நீ இருக்கிற ஒரு படத்தைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். அம்மா அந்தப் பார்வையைப் பார்ப்பார். பார்க்கட்டும். நீ கொட்டிலுக்குள் நிற்க, நான் தள்ளிப்போன அந்த ஏழு அடியையும் எப்படியும் நான்தான் சுமக்க வேண்டும். அதை யாரும் என்னிடமிருந்து இறக்கி வைக்க ஏலாது. ஆனால் உன்னை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினவர்களுடைய பொய்யை என் வாயால் பாட என்னால் ஏலாது.

மாமா மறுபடி இருமினார். இந்த முறை நான் வெளிச்சத்தை மூடவில்லை.

"போடுங்கோ அக்கா" என்று அனுப்பிவிட்டேன்.