நின்றவள் இல்லை நீ

செல்விக் கண்ணு,

உன் போனை நான் இன்னும் அணைக்கவில்லை. நீ டெங்குவில் போனதை அதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல. வாரம் தவறாமல் மணி அடிக்கிறது. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பெண் முத்துமாரிதான் படித்துச் சொல்வாள். 'செல்வி, நீங்கள் பாடத்தில் பின்தங்கிவிட்டீர்கள்.'

ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்ததும், சோறுகூடத் தின்னாமல் அந்த இலவச வகுப்பைப் போட்டுவிடுவாய். லைனில் நின்று பூட்டும் வேலையை விட்டுத் தரம் பார்க்கும் வேலைக்கு ஏறவேண்டும் என்று உனக்கு வெறி. போனில் சார் இங்கிலீஷில் பேசுவார். நீ நிறுத்தி நிறுத்திக் கேட்பாய். அவர் எதிரே குறுக்கே போகக் கூடாதென்று நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து போவேன்.

"யம்மா, அவரு நம்மள பாக்க மாட்டாரு. என்னிக்கோ எடுத்த வீடியோ. லட்சம் பேரு பாத்துகினு கீறாங்க."

"அப்போ நீ வர்லன்னா யாருடி கேப்பா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் நெறைய பேரு பாதில நின்னுர்றாங்க."

நின்றவர். அந்த வார்த்தை எனக்குப் பழைய பகை. பதினொன்றாவது நடுவில் உன்னை நிறுத்தியது உன் பெரியப்பா. "பொட்டப் புள்ள படிச்சி இன்னா பண்ணப் போவுது?" என்றார். பள்ளிக்கூடத்தில் உன் பேருக்கு நேரே 'இடைநின்றவர்' என்று எழுதினார்கள். நிறுத்தியவர் பேரை எங்கேயும் எழுதவில்லை. உன் காரியத்துக்கு வந்தார். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை.

போன மாதம் மணி அடித்தபோது முத்துமாரி முகம் மாறியது.

"ஒண்ணுமில்ல ஆச்சி, விடுங்க."

"படிடி."

"பாதியில நின்னவங்க பட்டியல்ல செல்வி அக்கா பேரையும் சேத்துட்டாவ."

நாளெல்லாம் லைனில் கால் கடுக்க நின்ற உன்னையா?

"எழுதுடி. எம் பொண்ணு நிக்கல, செத்துட்டான்னு எழுது."

எழுதினாள். உடனே பதில் வந்தது. 'தகவலுக்கு நன்றி. அடுத்த வகுப்பு ஜூலையில் தொடங்குகிறது. நீங்கள் மீண்டும் இலவசமாகச் சேரலாம்.'

சேரலாமாம்.

அவர்களை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை, கண்ணு. உனக்கு யார் திறந்தார்கள் கதவை? அவர்கள்தானே? ஆனால் உள்ளே வந்தவள் எங்கே போனாள் என்று பார்க்க அங்கே ஓர் ஆள் இல்லையே!

அந்த வகுப்பில் இப்போது முத்துமாரியும் அவள் அறைப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து சுருண்டுவிடுகிறார்கள். நான் மாடி ஏறிக் கதவைத் தட்டுகிறேன்.

"இன்னிக்கு யாரு வர்ல?"

"ஒடம்பு அலுப்பா இருக்கு ஆச்சி."

"எனக்குந்தான் முட்டி வலிக்குது. ஏறி வர்ல?"

முனகிக்கொண்டே எழுந்து உட்காருவார்கள்.

பாடம் உன் போனில்தான் ஓடுகிறது. நீ விட்ட இடத்துப் பாடம் இன்னும் வரவில்லை. அது வரும் நாளிலிருந்து கடைசிப் பாடம்வரை நானும் கூட உட்காருவேன், இது சத்தியம். ஒரு வார்த்தை புரியாது. சார் வந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன். எங்கிருந்தாவது பார்த்துச் சிரி.

நீ வரவில்லையே என்று கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அம்மா