ஹனாவே சொன்ன பதில்

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று ஹனாவை நேர்சரியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். சேர்க்கும் முன் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையோடும் கதைத்துப் பார்ப்பார். ஹனா பேசத் தொடங்கியதே மூன்று வயதுக்குப் பிறகுதான். வெளியாட்கள் எது கேட்டாலும் அவளுக்காக நான்தான் பதில் சொல்லி வந்தேன்.

டீச்சர் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன, மகள்?" என்றார். ஹனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வீட்டில எல்லாம் சொல்லுவா டீச்சர், இது..." என்று தொடங்கினேன்.

ஹனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, நீங்க சும்மா இருங்க. நான் யோசிக்கிறன்."

டீச்சர் சிரித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஹனா அவசரப்படாமல் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "மாடு. அதுட கண்டுக்குட்டி எங்க, டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஜனவரியில அனுப்புங்க," என்றார் டீச்சர்.

அவளுக்கு இன்னும் சில சொற்கள் திருத்தமாக வராது. மற்றப் பிள்ளைகள் சிரித்தால்... அதை இப்போது நினைக்க வேண்டாம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கட்டாரிலிருந்து அவளுடைய வாப்பா போன் எடுத்தார். "டீச்சர் என்ன சொன்னா?" என்றார். சொல்ல நிறைய இருந்தது, வாயெடுத்தேன். பிறகு போனை ஹனாவின் கையில் கொடுத்துவிட்டேன்.