ஓடைப் பலாவின் பதினொரு மரவாழைகள்

2-5-76, ஞாயிறு

காலையில் மஞ்சு, எதிர் மலை தெரியாத மூடுபனி. ஒன்பதுக்கு மேல் நல்ல வெயில். ஆராதனை முடிந்து வந்து துணி மடித்தேன். செம்பு இரண்டு விளக்கினேன். மூன்றாவதை விளக்கும்போது ஞானமுத்துக் கங்காணியார் வந்தார். நாளை முதல் கவாத்து. மழைக்கு முன் நிழல் மரங்களின் கொப்புகளைக் கழித்து ஏலச் செடிக்கு வெளிச்சம் விடும் வேலை. நம் பிரிவில் மரம் ஏறுவது அப்பாதான்.

"தேவசகாயம், இந்தத் தடவ கொப்பு கழிச்சா மட்டும் பத்தாது. மரத்துல ஒட்டிக்கிட்டு நிக்க அம்புட்டையும் சுரண்டிரணும். புல்லுருவி, மரவாழ, எல்லாம். உம்ம மவதானே வே கிறிஸ்மஸ் அன்னைக்கு வாசிச்சா, மரத்து ரத்தத்தைக் குடிக்குன்னு?"

அப்பா சிரித்தார். பெருமைச் சிரிப்பு. நான் சாம்பல் கையோடு மூன்றாவது செம்பையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுரை: 'நமது தோட்டத்தின் எதிரிகள்'. ஒன்பதாம் வகுப்பில் எழுதியது. புல்லுருவி என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் நான் வரைந்த படம் மரவாழை. இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிவப்பு மையில் 'மிக நன்று'. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். கைதட்டல்.

ஆனால் தப்பு. எனக்குப் பிப்ரவரியிலிருந்தே தெரியும். போன ஜூனில் வெட்டிய கொப்போடு விழுந்த ஒரு மரவாழையை, பள்ளித் தோழி ஓமனா வீட்டில் செய்வது போல, நம் துணிக்கொடியின் இரும்புத் தூணில் பழைய சேலைக் கிழிசலால் கட்டி வைத்தேன். விளையாட்டாக. மண் இல்லை, மரம் இல்லை. பதினோரு மாதமாக உயிரோடு இருக்கிறது. புதிதாக மூன்று வேர். அது யாருடைய ரத்தத்தைக் குடித்தது?

ஓடைக்கரையில் நிற்கும் ஓடைப் பலாவில் பதினொரு மரவாழை. வேறு எந்த மரத்திலும் இத்தனை இல்லை. அந்த மரத்தின் முறை வர இரண்டு வாரம் ஆகும்.

1. தப்பு என்று சொல்ல வேண்டும்.
2. கங்காணியாரிடம்.
3. சொன்னால் போதாது. காட்ட வேண்டும்.

5-5-76, புதன்

மேகம், மழை இல்லை. ரேஷனில் சர்க்கரை வரவில்லை. வெல்லக் காப்பி.

தூண் மரவாழையில் பூத்தண்டு வந்திருக்கிறது!! இலை இடுக்கிலிருந்து, என் ஆள்காட்டி விரல் நீளம். மொட்டு எண்ணினேன், 23. இன்னொரு முறை, 22. நாளை மீண்டும்.

பள்ளி நூலகத்துப் பழைய செடிப் புத்தகத்திலிருந்து பிப்ரவரியில் நான் எழுதி வைத்த குறிப்பு (ஆங்கிலம், அகராதி வைத்து அரை நாள் ஆனது): ஆர்க்கிட் குடும்பம். பேரினம் ஏரிடிஸ். காற்று என்பதிலிருந்து வந்த பெயர். மரத்தின் மேல் வாழும், மரத்தை உண்ணாது. தடித்த வேர்கள் மழையையும் மஞ்சையும் குடிக்கும். பூவின் அடியில் முன்னால் வளைந்த கொம்பு, அதில் தேன். நம்முடையது அந்தப் பேரினத்தில் எது என்று தெரியவில்லை. பூத்தால்தான் தெரியும்.

ஓடைப் பலாவின் முறை வருவதற்குள் பூத்துவிட்டால் கங்காணியாரைக் கூட்டிவந்து காட்டுவேன். இரும்பில் பூத்த பூவை யார் மறுக்க முடியும்?

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரிப்பு. "அப்ப இரும்பையா உறிஞ்சுது? தூணு இளைச்சிருக்கான்னு பாத்தியா?" பிறகு சிரிக்கவில்லை. "ஏட்டி, ஊரு கூடிக் கைதட்டுன பொறவு நான் போயி, எம் மவ எழுதுனது தப்பு, அதனால மரத்தைச் சுரண்ட மாட்டேன்னு சொல்லணுமா? கங்காணியாரு மொகத்துல எப்படி முழிக்க?"

அப்பா போக வேண்டாம். நான் போவேன்.

8-5-76, சனி

வெயில். வடிவியல் இரண்டு பக்கம் போட்டேன். பத்தாம் வகுப்புப் புத்தகம் பழையது, நடுவில் நான்கு தாள் இல்லை.

மொட்டு 23தான். நுனியில் லேசான ரோஜா நிறம்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கவாத்து மூன்றாம் பிரிவில். அடியில் சுரண்டிப் போட்ட மரவாழைக் குவியல், வேர் மேலே, இலை கீழே. சிலவற்றில் மொட்டு. செல்லத்தாயி அக்கா விறகோடு சேர்த்து அவற்றையும் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏளா எஸ்தரு, நீ எழுதுன சாமானு அடுப்புல எரியவும் மாட்டேங்கு, அணையவும் மாட்டேங்கு. ஒரே பொகை. எம் மாமியாரு கண்ணுல தண்ணியா ஊத்துது."

"அத எங்கிட்ட தாங்க, அக்கா."

"எடுத்துக்கோ தாயி. மாமியாரு அழுததுக்கு இன்னொரு காரணம் நான் கண்டுபிடிச்சுக்கிடுதேன்."

ஏழு செடி கிடைத்தது. சேலைக் கிழிசல் தீர்ந்தது. கோழிக்கூட்டுச் சட்டத்தில் ஐந்து. இரண்டு தகரவாளிக்குள், நிழலில்.

அந்த ஏழும் குவியலுக்குப் போனதே என் கட்டுரையால்தான்.

11-5-76, செவ்வாய்

பூத்தண்டு முறிந்துவிட்டது.

அம்மா கம்பளி துவைத்துப் போட்டாள். ஈரக் கம்பளி காற்றில் சுழன்று தூணில் அடித்திருக்கிறது. நான் ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தபோது தண்டு தரையில். 23 மொட்டும் அதில். கோழி இரண்டைக் கொத்திவிட்டது.

கத்தினேன். அம்மாவும் கத்தினாள். "உனக்குத் தூணுல செடி வளக்க எடம் கிடைச்சுது, எனக்குத் துணி போட வேற எடம் எங்கட்டி இருக்கு?" உண்மைதான்.

தண்டைக் கிளாசில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். விரியாது என்று தெரியும்.

அழுதேன், கொஞ்ச நேரம். பிறகு யோசித்தேன். பூ அழகுதான். ஆனால் பூத்ததைப் பார்த்தால் கங்காணியார் என்ன சொல்வார்? 'இரும்புல பூத்துச்சு சரி, மரத்துல நின்னா மரத்தைக் குடிக்கும்.' அதற்கு என்னிடம் பதில் உண்டா? இல்லை. அப்படியென்றால் அது சரியான சான்றே இல்லை.

மரத்தில் வைத்தே காட்ட வேண்டும். எப்படி?

13-5-76, வியாழன்

மதியம் ஒரு தூறல். மண் வாசனை.

எப்படி என்று கண்டுபிடித்தேன். மெதுவாக எழுதுகிறேன்.

வெட்டிப்போட்ட பலாக் கொப்பு ஒன்றில் புல்லுருவியும் மரவாழையும் ஒரு முழ இடைவெளியில். அம்மாவின் காய்கறிக் கத்தியால் முடியவில்லை. அப்பா கஞ்சி குடிக்க இறங்கியபோது கேட்டேன், இந்த இடத்திலும் அந்த இடத்திலும் குறுக்கே வெட்டித் தாருங்கள் என்று. அலுத்துக்கொண்டே இரண்டு போடு போட்டார்.

புல்லுருவி: அதற்கு வேரே வெளியில் இல்லை. அடி ஆணி மாதிரி மரக் கட்டைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இடம் வீங்கியிருக்கிறது. அதற்கு அப்பால் கொப்பு மெலிந்து, நுனி காய்ந்திருக்கிறது.

மரவாழை: ஒன்பது வேர். எல்லாம் பட்டைக்கு மேலேயே ஓடுகின்றன. குறுக்கு வெட்டில் பட்டை முழுசு, கட்டை வெள்ளை, ஒரு ஊசி நுழைந்த தடம்கூட இல்லை.

அப்பா கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தார். இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இருவது வருசமா ஏறுதேன் நான்," என்றார். இரண்டு கட்டையையும் தம் தோள்துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

14-5-76, வெள்ளி

விடியற்காலைக் குளிர். ஆறரைக்குப் பெரட்டுக்களம் போனேன். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம். பிள்ளைகள் அங்கே போவதில்லை. போனேன். எல்லாரும் பார்த்தார்கள். பேச வேண்டியதை ஏழு வரியில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், முதல் வரி மட்டும் நினைவு வந்தது.

"கங்காணியாரே, கிறிஸ்மஸுக்கு நான் வாசிச்சது தப்பு."

"எதுட்டி தப்பு? இயேசு பொறந்ததா?"

சிரிப்பு. நான் துண்டைப் பிரித்து இரண்டு கட்டையையும் பெரட்டு மேஜைமேல் வைத்தேன். இது குடிக்கிறது, இது குடிக்கவில்லை என்றேன். புல்லுருவியின் ஆணியைக் காட்டினேன். பிறகு மற்றது. கங்காணியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நகத்தால் ஒரு வேரைக் கிளப்பினார். கீழே பட்டை.

"கங்காணியாரே, பிள்ள பாடம் எடுக்கு, ஸ்லேட்டு கொண்டாந்தீரா?" என்று செல்லத்தாயி அக்கா பின்னாலிருந்து.

கங்காணியார் சிரிக்கவில்லை. "சரி, குடிக்கல. ஒத்துக்கிடுதேன். ஆனா கனம்? ஒவ்வொண்ணும் மழையில ஊறுனா எம்புட்டுக் கனம் தெரியுமா? போன ஆடிக் காத்துல ஒரு கொப்பு முறிஞ்சு பதினாறு ஏலத்தட்டை நாசம். அதுக்கு உங்க பொஸ்தகம் என்ன சொல்லுது?"

புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். மறுபடி சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை, அருவாளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கங்காணியார் சொன்னது சரி. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் கட்டுரை போல ஒரு பக்கம் மட்டும் எழுதக் கூடாது.

15-5-76, சனி

பதில் கண்டேன். பலாவுக்கு மேலே உள்ள சரிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். காலில் அட்டைக்கடி இரண்டு. அங்கிருந்து மரத்தின் தலை நேராகத் தெரிகிறது. நோட்டுத் தாளில் மரத்தை வரைந்து 1 முதல் 11 வரை எண் போட்டேன்.

1, 2, 3, 6: அடிமரத்திலும் பெரிய கவுட்டையிலும். அவற்றின் கனம் எந்தக் கொப்பையும் முறிக்காது. அப்படியே இருக்கலாம்.
4, 5: கிழக்குக் கொப்பு.
7, 8, 9: வடக்குக் கொப்பு.
10, 11: ஓடைமேல் நீண்ட கொப்பு.

இந்த மூன்று கொப்பும் எப்படியும் கழிக்க வேண்டியவை. கழிக்கட்டும். ஆனால் வெட்டித் தள்ளாமல் கயிறு கட்டி இறக்கினால் செடி நசுங்காது. இறக்கி, அடிமரத்தில் கட்டிவிடலாம். கொப்பில் கனமும் இல்லை, செடியும் சாகாது.

சாயங்காலம் கங்காணியார் வீட்டு வாசலில் தாளைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "கயிறு கட்டி எறக்குனா நேரம் எம்புட்டு இழுக்கும்? திங்கக்கிழம பத்து மணிச் சாயாவுக்குள்ள அந்த மரம் முடியணும். முடியலேன்னா மிச்சக் கொப்பு அருவாளுக்கு. சம்மதமா?"

"சம்மதம்." தாளைத் திருப்பித் தரவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "ஏறுகது நான், சம்மதம் சொல்லுகது நீயா?" என்றார். பிறகு பரணிலிருந்து வடக்கயிற்றை எடுத்து முற்றத்தில் நீட்டி, இற்றுப்போன இடம் உண்டா என்று முழம் முழமாக இழுத்துப் பார்த்தார்.

16-5-76, ஞாயிறு

ஆராதனையில் கவனம் இல்லை. மன்னிப்பு.

கொல்லையில் போனால் துணிக்கொடி இடம் மாறியிருக்கிறது! கொடி இப்போது கொய்யாமரத்துக்கும் சமையல் கட்டுச் சுவருக்கும் நடுவே. தூணில் செடி மட்டும். அம்மாவின் வேலைதான். இரவுச் சோற்றுக்குப் பிறகு தன் நீலச் சேலையைக் கிழித்து நாடா நாடாவாகப் போட்டாள். கல்யாணச் சேலை இல்லை, அதற்கு அடுத்தது.

நாடா: 14.

17-5-76, திங்கள்

மேற்கே கருப்பு. காற்று. ஏழரைக்கு அப்பா ஏறினார்.

ஓடைக் கொப்பு முதலில். 10, 11 அழகாக இறங்கின, கயிற்றில் தொட்டில் மாதிரி. செல்லத்தாயி அக்காவும் நானும் பிடித்தோம். "ஏளா, பேறுகாலம் பாத்த மாதிரில்லா இருக்கு" என்றார் அக்கா. அடிமரத்தில் கட்டினேன். 8.40.

கிழக்குக் கொப்பு. பாதியில் பிளந்துவிட்டது. 4 வந்தது. 5 கொப்பின் நுனியோடு ஓடையில் போயிற்று. ஓடினேன், எட்டவில்லை. 9.25. அழ நேரமில்லை.

வடக்குக் கொப்பு பெரியது. இரண்டாக வெட்டி இறக்க வேண்டும். முதல் துண்டு: 9 வந்தது. 7 வந்தது, ஒரு இலை போய்விட்டது. அப்போது சாயா மணி அடித்தது. பத்து.

எல்லாரும் கிளம்பினார்கள். கங்காணியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சம்மதம் சொன்னது நான்.

மேலிருந்து அப்பா: "ஏட்டி எஸ்தரு! எட்டு எங்கட்டி? இதுல காணல!"

நான் அண்ணாந்து தேடினேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரிக்கும் சத்தம் பக்கத்தில்.

"கண்ணு தெரியலயா வே, தேவசகாயம்? உமக்கு வலது கைப்பக்கம், ரெண்டாவது கவுட்டையில! மெல்ல, மெல்ல, வேரு பிஞ்சிராம!" என்றார் கங்காணியார். கயிற்றின் இந்த முனை அவர் கையில்.

எட்டாவதைக் கட்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பத்து. பதினொரு மரவாழை இல்லை, பத்து. நாடா இரண்டு மிச்சம்.