கார்டில் உனக்கு நாற்பது

இன்று காலை ஆபீஸ் மேஜை ட்ராயரில் நீ கிடைத்தாய். உன் ஆதார் கார்டின் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் ஈரத்தில் உப்பி, துருப்பிடித்த பின்னோடு என் கார்டின் ஜெராக்ஸுக்கு அடியில் கிடந்தது. உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் மூக்குத்தி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனாலும் நீதான் என்று தெரிந்தது. படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொன்னதும் வாயை இறுக்கிக்கொண்டாயே, அந்த வாய் அப்படியே இருக்கிறது.

பெயருக்குக் கீழே பிறந்த வருடம். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்கப்புறம் வரும், சில நாள் வராமலும் போகும். அந்த வருடத்தைப் பொய்யாகச் சொல்லச் சொன்னவள் நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பேன்.

நீ வேலை கேட்டு வந்தபோது உன் புருஷன் போய் மூன்று மாதம். வட்டக்கானல் குழாயடியில் பேசிப் பழகிய பழக்கத்தில் நான்தான் உன்னை இந்த கெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிவந்தேன். அப்போதிருந்த மேனேஜர் ரூம் வேலைக்கு முப்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்றார். வருகிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமாம். கக்கூஸ் கழுவுகிறவளுக்கு என்ன லட்சணம் என்று மனதுக்குள் கேட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே திறந்திருக்க வேண்டும். உனக்கு அப்போது முப்பத்தெட்டு. எனக்கு முப்பத்தாறு, ஆனால் நான் முன்பே சேர்ந்துவிட்டவள், அதனால் தப்பித்தேன்.

அதே வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ஆதாருக்குப் படம் எடுத்தார்கள். என்னிடம் பத்தாவது சர்ட்டிபிகேட் இருந்தது, அதில் உள்ள தேதியை அப்படியே ஏற்றினார்கள். நீ சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து ஐந்து வயதில் கப்பலேறி வந்தவள், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். வாயால் சொல்வதுதான் உன் வயது. வரிசையில் நிற்கும்போது உன் காதில் சொன்னேன், முப்பது என்று சொல் என்று. முப்பத்திநாலு என்றால் சந்தேகம் வரும், முப்பது என்றால் உன் முகத்துக்கு நம்பிவிடுவார்கள் என்றேன். பொய்யைக்கூட அளந்துதான் கொடுத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் யூகலிப்டஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்புக்குப் போகிற வண்டியெல்லாம் நின்று பார்த்தது.

"இனிமே நீதான் எனக்கு அக்கா. கவர்மெண்டே சொல்லிருச்சுல்ல" என்றாய்.

அதுவரை நான்தான் உன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நீ என்னை யக்கா என்றாய். உனக்கு வேலையும் கிடைத்தது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் நான் மூத்தவள் என்றே நம்பினார்கள். பத்து வருடம் இந்த விளையாட்டை விடாமல் விளையாடினோம்.

பிறகு ஊரடங்கு வந்தது. பாஸ் இல்லாமல் ஒரு வண்டி மலை ஏறக் கூடாது என்றார்கள். பன்னிரண்டு அறையும் காலியானது. மேனேஜர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பகலிலேயே காட்டுமாடு வந்து நம் துணி காயப்போடும் கம்பியடியில் படுத்துக் கிடந்தது. வீட்டில் இருக்கலாம் என்று நான் சொன்னதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டிப்போட்டால் பத்து நாளில் மெத்தையெல்லாம் பூசணம் பூத்துவிடும், இது கொடைக்கானல், மறந்துவிட்டாயா என்று என்னையே அதட்டினாய். தினமும் காலையில் வெயில் விழுந்ததும் ஜன்னல்களைத் திறப்போம், மதியம் மஞ்சு மூட்டம் ஏறுமுன் சாத்துவோம். வெள்ளிக்கிழமை விரிப்பு மாற்றுவோம். யாரும் படுக்காத விரிப்பை ஏன் துவைக்கிறோம் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கம்பளியின் ஒரு மூலையை முக்கோணமாக மடித்துவைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு அறையையும் விட்டு வெளியே வருவாய். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது நீ விருந்தாளிக்குப் படுக்கை போட்டாய்.

சாப்பாடு கேரட். கவுஞ்சியில் என் நாத்தனார் வீட்டில் பிடுங்கிய கேரட்டை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்க ஆளில்லை. மாட்டுக்குப் போட்டது போக மிச்சத்தை மூட்டை மூட்டையாக நம் தெருவுக்கு அனுப்பினார்கள். கேரட் பொரியல், கேரட் சாம்பார், கேரட் துவையல். ஒருநாள் நீ கேரட் போட்டு ரொட்டி சுட்டு, பக்கத்தில் பால் இல்லாத பிளேன்டீயை வைத்து, தோட்டத்துத் துரை வீட்டுச் சாப்பாடு என்று பரிமாறினாய். வாயில் வைக்க முடியவில்லை. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே தின்றோம்.

ரிசப்ஷன் டிவியைப் போட்டுவிட்டுத்தான் தரை துடைப்போம். நியூஸில் ஊசி என்ற சொல் வந்தால் நீ மாப்பை அப்படியே நிறுத்திவிடுவாய்.

"ஊசி வந்துட்டா வண்டி வரும், வண்டி வந்துட்டா சோலி வரும்" என்பாய்.

அது வெளிக்குச் சொன்னது. உள்ளே இருந்த கணக்கு வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த உன் மகள் அடுத்த வருடத் தொடக்கத்தில் முழுகாமல் இருந்தாள். மாமியார் இல்லாத வீடு. ஆனி மாதம் பேறுகாலம். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் நோயைக் கொண்டுபோகக் கூடாது, ஊசி போட்டுக்கொண்டுதான் போவேன் என்று போனில் அவளிடம் சத்தியம் செய்திருந்தாய். நான்தான் பயந்தாங்கொள்ளி. ஊசி போட்டால் ரெண்டு வருடம்தான் உயிர் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இருந்தேன். படித்தவள் நான், பத்தாவது.

சித்திரையில் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம் என்றார்கள். நீ வெள்ளனே குளித்துவிட்டு, ஜாக்கெட்டின் இடது கைத் தையலை ரெண்டு விரல் பிரித்துவிட்டு வந்திருந்தாய். ஊசி போடக் கையை மேலே ஏற்றச் சுலபமாக இருக்குமாம். பத்து வருடத்துக்கு முன் ஆதாருக்கு நின்ற அதே வராந்தா. கம்ப்யூட்டரில் இருந்தவர் உன் கார்டை வாங்கிப் பார்த்தார். நாற்பதுதான் ஆகிறது, இப்போது போட முடியாது என்றார். உனக்கு நாற்பத்தெட்டு என்று சொன்னாய். கார்டில் உள்ளதுதான் வயது என்றார். அவர் மேல் தப்பில்லை, கம்ப்யூட்டர் விடாது.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வசவு திட்டியிருந்தால் போதும், நான் பிழைத்திருப்பேன். நானும் வரிசையை விட்டு நழுவப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாய்.

"நீ போடு யக்கா. எனக்கும் சேத்துப் போட்டுட்டு வா."

போட்டுக்கொண்டேன். சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் அடித்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நீதான்.

நாம் சும்மா இருக்கவில்லை. உன் அப்பாவின் சிலோன் பாஸ்போர்ட்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். கிடைத்தது. குடும்பமே உட்கார்ந்திருக்கும் போட்டோ, அம்மா மடியில் நீ, பக்கத்துத் தாளில் உன் பெயரும் உன் உண்மையான வயதும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதை வைத்துக் கார்டைத் திருத்திவிடலாம் என்று துள்ளினாய். மறுநாளே போனோம். மறுபடியும் முழு ஊரடங்கு என்று இ-சேவை மையத்தை அடைத்துவிட்டார்கள். மூன்று நாள் விட்டுப் போய்ப் பார்த்தோம், அப்போதும் பூட்டுத்தான். நாலாம் நாள் விரிப்பை உதறும்போது உனக்கு இருமல் வந்தது.

ஆம்புலன்ஸில் ஏறும்போது உனக்கு மூச்சு இரைத்தது. நான் கிட்டே வரக் கூடாது என்று கையைக் காட்டினாய். மகளைப் பற்றியோ சாவைப் பற்றியோ ஏதாவது சொல்வாய் என்று நின்றேன்.

"ஏழாம் நம்பர் சன்னலு தெறந்து கெடக்கு. வெரசா போயிச் சாத்திரு" என்றாய்.

போய்ச் சாத்தினேன். கம்பளியின் மூலை மடித்து வைத்தபடியே இருந்தது.

அந்த வாரத்தில்தான் டிவியில் சொன்னார்கள், பதினெட்டு வயது ஆனவர்கள் எல்லாருக்கும் ஊசி என்று. பதினெட்டு. உன் பொய் வயதே போதும், அதில் பாதி இருந்தாலே போதும். கையில் இருந்த மாப்பை டிவி மேல் எறிந்தேன். மூலையில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது, யார் கேட்டாலும் குரங்கு உடைத்தது என்று சொல்லிவருகிறேன். அதற்கு மூன்றாம் நாள், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். முகத்தை எனக்கும் காட்டவில்லை, உன் மகளுக்கும் காட்டவில்லை.

ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் ஊசிக்காரர்கள் வாகனத்தில் நம் தெருவுக்கே வந்தார்கள். வாகனத்தைப் பார்த்ததும் பெண்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ. துணி அடிக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

"அவ கெஞ்சிக் கேட்டும் அவளுக்குக் கெடைக்கல. ஒங்களுக்கு வாசல்ல கொண்டாந்து வச்சுருக்கு. வெளிய வாங்கடி."

வந்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நான் போட்டு இத்தனை நாள் ஆகிறதே, செத்தா போனேன் என்று கேட்டுக்கொண்டே வரிசையில் நிறுத்தினேன். அன்று நம் தெருவில் ஊசி மிச்சமாகவில்லை, பற்றாமல்தான் போனது.

ஆனியில் ரெண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டு, பாஸ் வாங்கி, கவுஞ்சி கேரட் லாரியில் ஒட்டன்சத்திரம் வரை போய், அங்கிருந்து இன்னொரு வண்டியில் திருப்பூர் போனேன். உன் மகளுக்குப் பிரசவம் பார்த்தது நான்தான். வெந்நீர் வைத்து ஊற்றினேன், பத்தியம் ஆக்கினேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன். எனக்கும் சேர்த்துப் போடு என்றாய் அல்லவா, உனக்கும் சேர்த்துத் தூக்கினேன். பெண் பிள்ளை. உன் மூக்கு.

முதலாம் ஆண்டு நினைவுக்குப் போஸ்டர் அடித்தபோது உன் மகள் கார்டைப் பார்த்து வயது நாற்பது என்று போட்டிருந்தாள். இறப்புச் சான்றிதழிலும் அப்படியே இருந்தது. சுவரில் ஒட்டிய நாலையும் நானே கிழித்தேன். நாற்பத்தெட்டு என்று திருத்தி அடித்து, பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டவைத்தேன். செத்த பிறகு வயதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். அந்த எட்டு வருடம் அவள் வாழ்ந்தது, யாரும் கழிக்கக் கூடாது என்றேன்.

இன்று எதற்கு ட்ராயரைக் குடைந்தேன் என்று சொல்லவில்லையே. கெஸ்ட் ஹவுஸை ஒரு கம்பெனி எடுத்து நடத்தப்போகிறது. பழைய ஆட்களின் பேப்பர் எல்லாம் கேட்கிறார்கள். ரூம் வேலைக்கு நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். பத்து கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம். இப்போதுள்ள மேனேஜர் நல்ல பிள்ளை. படிவத்தை என் பக்கம் தள்ளி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நாப்பத்தஞ்சுன்னு போட்டுருவோம்மா. ஆதார் காப்பிய நான் பாத்துக்கிறேன், யாரும் கேக்க மாட்டாங்க."

நல்லதுக்குத்தான் சொன்னான். நானும் அன்றைக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன். உன் ஜெராக்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இவளுக்கும் இப்படித்தான் போட்டோம் என்று தொடங்கி முழுக்கச் சொன்னேன். அவன் ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தான். பிறகு, வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். பயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு அரிசி இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் இன்னொரு முறை என் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு வயது வராது. கம்பெனிக்காரர்கள் வரட்டும். பன்னிரண்டு அறையையும் காட்டுகிறேன். இந்த மஞ்சில் ஒரு மெத்தையாவது பூத்திருந்தால் போகச் சொல்லட்டும், போகிறேன். வயதுக்காகப் போகச் சொன்னால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும், நானும் இந்த முறை மனதுக்குள் கேட்க மாட்டேன்.

பேனாவை வாங்கி நானே எழுதினேன். ஐம்பது. எண்ணிலும் எழுதினேன், எழுத்திலும் எழுதினேன்.

அப்புறம்தான் உறைத்தது. நீ நாற்பத்தெட்டில் நின்றுவிட்டாய். நான் உன்னைத் தாண்டி ரெண்டு வருடம் வந்துவிட்டேன். கவர்மெண்ட் சொல்ல வேண்டியதில்லை, இப்போது நிஜமாகவே நான்தான் மூத்தவள். ஏழாம் நம்பர் ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்பளி மூலையை மடித்துவைத்துவிட்டு, இந்த அறையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம், யக்கா என்று.