வரதன் அண்ணாவின் கத்தி

2009 ஜனவரி 10, சனி
வெக்கை. ஸ்பிரிங்வேல் கடைகளில் வாங்க வேண்டியது: இஞ்சி, கறிவேப்பிலை, அபிக்குச் சப்பாத்து.
சிவாவோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் மலையில் சுட்ட மானில் ஒரு தொடை தந்தார். கனடாவிலிருந்து வந்து நிற்கிற வரதன் அண்ணாதான் வெட்டித் தந்தார். பெட்டியில் கொண்டுவந்த தன் கத்தியால்.
"அங்க மான் உரிக்கிறது, முள்ளந்தண்டு பிளக்கிறது எல்லாம் இதாலதான் பிள்ளை."
பெருமை வேறு. கறி திறம். அபி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். கத்தி இனி எனக்காம்.

11, ஞாயிறு
அண்ணா போய்விட்டார். வீடு வெறிச்சென்று. கத்திப் பிடியோரம் ஏதோ கறுப்பாய்க் காய்ந்திருந்தது. மஞ்சள் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்தேன். அம்மா செய்வது போல.

13, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயுதம் கழுவுகிற எங்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற வகுப்பு. கொட்டாவியோடு இருந்தேன். இந்த முறை பிரியான், மூளையை அரிக்கிற நோயைத் தருகிற ஒரு கெட்ட புரதம் பற்றி: அந்த நோய்க்காரரின் மூளை, முள்ளந்தண்டு தொட்ட ஆயுதத்தைக் காய விடக்கூடாது, சூடு பட்டால் இன்னும் இறுகும், அவித்தாலும் போகாது. வட அமெரிக்க மான்களுக்கும் அந்த நோய் வருகிறதாம். இங்கத்தை மானில் இல்லையாம்.
அப்ப மானில் பிழை இல்லை. கத்தி! அது அங்கே பிளந்த மானில் இருந்திருந்தால்? எட்டு வருஷமாய்க் கழுவுகிறேன், மடைச்சி.

14, புதன்
பொங்கல். பால் பொங்கியது, மனம் ஓடவில்லை.
இறைச்சி வெட்டின மரப்பலகை குப்பையில். கத்தி பிளீச் வாளியில், மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டினேன்.
சிவா: "குசினியை ஆஸ்பத்திரி ஆக்கிப்போட்டீர். மானிலயிருந்து மனிசருக்கு வந்ததா ஒரு கேஸும் இல்லையாமே."
ஓம், நானும் வாசித்தேன். இதுவரை இல்லையாம். ஆனால் இந்த வகை நோய்கள் வருஷக்கணக்காய் ஒளிந்திருக்குமே. அபிக்குப் பதினாலு வயது. இரண்டு தரம் போட்டாளே, இரண்டு தரம்.
அபி: "சோ டிராமாட்டிக், அம்மா."
அண்ணா போன் எடுக்கிறாரில்லை.

17, சனி
மழைத் தூறல். காலையில் அண்ணாவே கூப்பிட்டார். சுகம்கூட விசாரிக்காமல் கேட்டேன், கனடாவில் அந்தக் கத்தியால் வெட்டிய மானைச் சோதித்தீர்களா என்று.
"ஓம் பிள்ளை, தலையை டெஸ்டுக்குக் குடுத்தனான். நேற்றுத்தான் றிசல்ட் வந்தது. ஒண்டுமில்லை."
அழுதே விட்டேன். சிவா சிரிக்கிறார். போனைக் காதில் வைத்தபடியே வாளியை ஊற்றப் போனேன்.
"என்ர மானுக்கு ஒண்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரன்ர மானையும் நான்தானே வெட்டிக் குடுத்தனான். அவன் டெஸ்டுக்குக் குடுக்காமல் தலையை எறிஞ்சுபோட்டான், விசரன்."
"அதே கத்தியாலயா அண்ணா?"
"பின்ன, வேற எதால?"