ஒரே அடியில் உடைந்த புட்டி

அமெரிக்கா, மெய்ன் மாநிலக் கரையிலிருந்து, 1943 அக்டோபர்

அன்புள்ள ஹில்டாவுக்கு,

பேறுகால அலுப்பெல்லாம் தீர்ந்து எழுந்து நடமாடுகிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நம் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு லீவு கேட்டேன். கப்பல் கட்டும் தளத்தில் எங்கள் மேஸ்திரி ஆர்விட் சிரித்தார். "பாப்பா எங்கேயும் போயிடாதுப்பா. அன்னைக்குக் கப்பலுக்கே பேர் வைக்கிறாங்க. கப்பல் மூக்குல ஷாம்பெயின் புட்டியை அடிச்சு உடைக்கும்போது அட்மிரல் வீட்டம்மா கை நோகக் கூடாது, புட்டியை அரத்தால நல்லா கீறி வை" என்றார். கீறி, சில்லு தெறிக்காமலிருக்க வலைப்பையில் போட்டு வைத்தேன். அந்த அம்மா ஒரு தட்டுத் தட்டியதும் ஷாம்பெயின் சிதறியது. போர்க்கப்பல் ஆற்றில் வழுக்கி இறங்கியது. கூட்டம் கை தட்டியது.

"பாத்தியா, ஒரே அடி!" என்றார் அந்த அம்மா என்னிடம்.

"உங்க கைராசி அப்படிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு; அறையில் இன்னும் கணப்பு இல்லை. கோவிலில் என் இடத்தில் நின்றது யார், உன் அண்ணனா? தண்ணீர் பட்டதும் பாப்பா அழுதாளா?

சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். அந்தக் கப்பலின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நம் பெண்ணுக்குக் கடைசியில் என்ன பெயர் வைத்தாய்? எழுது.

உன் நில்ஸ்